கதவைப் பூட்டிட்டியா?

மார்ச் 2

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய். அதே போனை நான் வாங்கி "அக்கா" என்றதும் லைன் கட்டாகிவிடுகிறது. என் குரல்தான் ஆகாது, கையெழுத்தாவது ஆகுமா பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். உன் பழைய கண் கிளினிக்குக்குப் போய், அங்கே மூக்குக்கண்ணாடிக் கடை போட்டிருக்கும் கண்ணாடி மாமாவிடம் கொடுக்கப் போகிறேன். உங்கள் கிளைக்கு மூக்குக்கண்ணாடிகள் ஏற்றிப் போகும் வேனில், ஒரு காலிக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். "எழுதும்மா, எழுது. உங்க அக்கா சண்டை போட்டா அரைகுறையா போடாது" என்று வேறு சொன்னார்.

ஸ்கூல் ஹாலில் நடந்ததைப் பற்றி நாம் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். அடுத்த வாரம் பெட்டியோடு கிளம்பிவிட்டாய்.

நீ நான்காவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருந்தாய். அம்மாவுக்கு ரொட்டி ஃபாக்டரியில் ஷிப்ட் மாற்ற முடியவில்லை என்று அவளுக்குப் பதிலாக வந்திருந்தாய். சீருடையை மாற்ற நேரமில்லாமல் மேலே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வந்தது எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. "உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு, கண்டிப்பா வா" என்று நாலு நாளாக உன்னை நச்சரித்தது நான்தான்.

சர்ப்ரைஸ் கொடுத்தேன். மேடையில் நான் இங்கிலீஷில் படித்த என் கட்டுரைதான் அது. கிளினிக் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா. தமிழ் தெரியாத யாராவது போன் பண்ணினால் "ஒன் மினிட் ப்ளீஸ்" என்று அவரை நிறுத்தி வைப்பாள். இன்னொரு போனில் வீட்டிலிருக்கும் தங்கச்சியைக் கூப்பிட்டு, இங்கிலீஷில் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டு, போய் அப்படியே ஒப்பிப்பாள். ஐந்து வருஷமாக நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம். அம்மாவிடம்கூட நாம் சொன்னதில்லை. அதை நான் ஒரு ஹால் நிறைய ஆட்களுக்குச் சொன்னேன். அவர்களில் உன் மேனேஜரும் ஒருவர். அவர் பையன் எங்கள் ஸ்கூல்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன் அக்கா. இதை நம்புவது கஷ்டம் என்று தெரியும். அந்தக் கட்டுரையில் நீதான் கதாநாயகி, எல்லோருக்கும் உன்னைப் பிடித்துப்போகும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் பிடித்தது. அதுதான் இன்னும் மோசம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டு இங்கிலீஷ் டீச்சர் எனக்கு அட்வான்ஸ்டு இங்கிலீஷ் வகுப்பில் இடம் கொடுத்திருக்கிறார். மொத்த பதினோராம் வகுப்புக்கும் பன்னிரண்டு இடம்தான். மாசக் கடைசிக்குள் சேர்கிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் சேர மாட்டேன். உன்னைக் காட்டிச் சிரிக்க வைத்து வாங்கிய இடம் எனக்கு வேண்டாம். நீ மட்டும் வீட்டுக்கு வந்துவிடு.

உன் வாலு


மார்ச் 9

உன் கடிதம் வந்தது.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அம்மா சொன்னாள். வாஷர் போயிருக்கும். சமையலறை மேல் அலமாரியில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் புதுசு இரண்டு இருக்கிறது. மெயினை மூடிவிட்டு மாற்று. போன தடவை மாதிரி சுவரையெல்லாம் குளிப்பாட்டாதே. அம்மாவின் பிரஷர் மாத்திரையை நீ எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்குகிற வரை நின்று பார். "அப்புறம் போட்டுக்கறேன்" என்றால் போட மாட்டாள் என்று அர்த்தம்.

எனக்கு இங்கே ஒன்றும் குறையில்லை. கிளினிக் மாடியிலேயே அறை. லேப்பில் வேலை செய்கிற பெண் ஒருத்தி கூட இருக்கிறாள். நல்லவள், குறட்டை விடுவாள். இங்கே நான் ரிசப்ஷனில் இல்லை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற வேலை.

வகுப்பில் சேருவதும் சேராததும் உன் இஷ்டம். என்னைக் கேட்டு எழுத வேண்டாம்.

அக்கா


மார்ச் 11

அக்கா,

வாஷரை மாற்றிவிட்டேன். சுவர் குளிக்கவில்லை, நான்தான் குளித்தேன். குழாய்க்கு ஆறு வரி, எனக்கு இரண்டு வரி. குழாயாகப் பிறந்திருக்கலாம்.

என் பேரைக்கூட மேலே எழுதவில்லை நீ. "வாலு" என்று எழுதுவதற்குக் கை வரவில்லையா? நீ ஏசியிருந்தால்கூட எனக்குத் தேவலை. இந்த மாதிரி ஒழுங்காக எழுதினால், கிளினிக் நோட்டீஸ் போர்டில் ஒட்டியதைப் படிப்பது போல இருக்கிறது.

நான் சொன்னதைச் செய்துவிட்டேன். நேற்று டீச்சரை லைப்ரரியில் பார்த்து, எனக்கு அந்த இடம் வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். என் அக்காவுக்காக என்றேன். அவர் டீக் கப்பை மேசையில் வைத்தார். "சாதாரண வகுப்பில் இருந்தால் நீ கண்ணை மூடிக்கொண்டு தொண்ணூறு வாங்குவாய். இங்கே வந்தால் முதல் பருவத்தில் அழுவாய். வாரா வாரம் கட்டுரை, மாசத்துக்கு ஒரு தடித்த புத்தகம். பயமாக இருக்கிறது, அதனால் வேண்டாம் என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். அக்காவுக்காக என்பது எனக்குப் புரியவில்லை" என்றார். மாசக் கடைசி வரை இடத்தை யாருக்கும் கொடுக்கப் போவதில்லையாம். எனக்குப் புரிகிறது, அது போதும்.

ஸ்கூலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மேனேஜர் பையன் என்னைப் பார்த்தால் "ஒன் மினிட்" என்று கையைத் தூக்குகிறான். வராந்தாவில் இன்னும் நாலைந்து பேர் அதையே செய்கிறார்கள். அந்தக் கட்டுரையில் அவர்களுக்குப் பிடித்தது உன் பதற்றம்தான். ஒரே கேள்வியை, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று, நீ எனக்கு நூறு தடவை போன் பண்ணிக் கேட்டிருப்பாய் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தபோது எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது யாராவது அதைச் சொன்னால் வேறு பக்கம் நடந்துவிடுகிறேன்.

அம்மாவிடம் சேரவில்லை என்று சொன்னேன். "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என்னை மத்தளம் ஆக்கிட்டீங்க, ரெண்டு பக்கமும் இடி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

இப்போதாவது நான் எவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

உன் வாலு (நீ எழுதாவிட்டால் நானே எழுதிக்கொள்கிறேன்)


மார்ச் 16

உனக்கு நல்லபடியாகச் சொன்னால் ஏறாது என்று தெரிந்தும் நல்லபடியாக எழுதினேன். என் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் என்ன சொன்னாள் தெரியுமா? "உன் வீம்பால அவ படிப்பு கெடுதுடி. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" ஒரு மாசம் முன்னால் மேடையில் என்னைக் கோமாளி ஆக்கினாய். இப்போது வீட்டில் வில்லி ஆக்கிவிட்டாய். நாளைக்கு நீ என்ன ஆனாலும், ஆகாவிட்டாலும், "அன்னிக்கு மட்டும் அக்கா முறுக்கிக்காம இருந்திருந்தா" என்று ஒரு பேச்சு வரும். அதை ஆயுசுக்கும் நான் சுமக்க வேண்டுமா?

ஹாலில் நடந்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் இங்கிலீஷில் யாரோ கடகடவென்று பேசினார்கள். வழக்கம்போல என் வாய் தானாக "ஒன் மினிட் ப்ளீஸ்" என்றது. பின்னால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். மேனேஜர் தன் அறையிலிருந்து எனக்குப் போன் பண்ணியிருக்கிறார். பக்கத்தில் இரண்டு நர்ஸ்கள், கணக்குப் பார்க்கிற ஆள். அவர் கெட்டவர் இல்லை. விளையாட்டுக்குத்தான் செய்தார். நீயும் விளையாட்டுக்குத்தானே எழுதினாய்.

அன்றிலிருந்து எனக்கு அங்கே பேர் "ஒன் மினிட் மேடம்". நோயாளிகள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் நானே மேனேஜரிடம் போய், போன் இல்லாத வேலை ஏதாவது கொடுங்கள் என்றேன். இங்கே இல்லை, அந்தக் கிளையில் இருக்கிறது என்றார். வந்துவிட்டேன். உன் மேல் கோபித்துக்கொண்டு வந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ரிசப்ஷனில் போன் அடித்தால் எடுக்க முடியவில்லை, அதனால் வந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். சேர மாட்டேன் என்று நீ ஊரெல்லாம் சொல்வது எனக்காக இல்லை. உனக்கு மனசு உறுத்துகிறது. அதை இறக்கி வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, என் தலை கிடைத்தது. ரிசப்ஷனில் என்னைத் திரும்பக் கொண்டுபோய் உட்கார வைக்குமா நீ சேராமல் போவது? வைக்காது இல்லையா? அப்புறம் யாருக்கு அது?

அக்கா


மார்ச் 18

அக்கா,

உன் கடிதத்தைக் கண்ணாடி மாமா கடையில் நின்றே படித்தேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

போன் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. 

நீ சொன்னது சரி. எனக்காகத்தான் செய்தேன். அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சேர மாட்டேன் என்று உனக்கு முதல் கடிதம் எழுதிய அன்றைக்கே லைப்ரரியில் அந்த வகுப்புக்கான முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல், கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தேன். பாதி புரியவில்லை. புரியாத பாதிதான் எனக்கு அதிகமாகப் பிடித்தது. டீச்சர் இடத்தை வைத்திருக்கிறேன் என்றபோது வெளியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன், உள்ளே ஒரே ஆனந்தம். எனக்கு அந்த வகுப்பு வேண்டும் அக்கா. இவ்வளவு நடந்த பிறகும் வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

ஆனால் பயமும் இருக்கிறது. டீச்சர் சொன்ன பயம் இல்லை, வேறு. முதல் வாரக் கட்டுரை என்ன என்று இப்போதே சொல்லிவிட்டார்: "தினமும் பார்க்கும் ஒரு முகம்." முந்தாநாள் அம்மா வேலையிலிருந்து வந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, காதோரம் மாவு ஒட்டியிருந்தது. எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இதை எழுதினால் நன்றாக இருக்கும் என்று. ஷூவைக் கழற்றிவிட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. எவ்வளவு பிறகு என்று எனக்கே தெரியாது. முதலில் நீ, அடுத்தது அம்மா. வாரா வாரம் ஒரு கட்டுரை என்றால் வாரா வாரம் யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு எழுத வருவது ஆட்களைத்தான். அந்த ஆட்களும் நம் வீட்டு ஆட்கள்தான்.

வகுப்பு ஸ்கூல் முடிந்த பிறகுதான் நடக்கும். நீ எனக்குப் போன் பண்ணும் நேரம். இப்போது அந்த நேரத்தில் வீட்டில் போன் அடிப்பதில்லை. ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பாய். ஸ்கூலிலிருந்து வந்ததும் எல்லா அறையிலும் லைட்டைப் போட்டுவிட்டு, அம்மா வரும் வரை கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர் வீட்டுப் பூட்டை உடைத்தார்களே, அந்த வருஷத்துப் பயம். போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பதினாறு வயசில் இதை யாரிடம் சொல்வது?

மன்னித்துவிடு என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

வாலு


மார்ச் 23

வாலு,

சொட்டு மருந்து வேலையைப் பற்றி எழுதுகிறேன். நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

மருந்து விட்டதும் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். சுவரோரம் ஒரு பெஞ்சு, எட்டுப் பேர் உட்காரலாம். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக இருப்பார்கள். பெரிய பெரிய ஆட்கள்கூட அந்த நேரத்தில் சின்னப் பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். "இருக்கீங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "இருக்கேன்" என்று சொல்வதுதான் என் வேலையில் பாதி. முதல் வாரம் கால் வலித்தது, இப்போது பழகிவிட்டது.

போன வாரம் தமிழ் தெரியாத ஒரு அம்மா வந்தார். மருந்து எரிச்சல் தாங்காமல் எழுந்துவிட்டார், இங்கிலீஷில் என்னவோ கேட்கிறார். எனக்கு வாய் வரை "ஒன் மினிட்" வந்துவிட்டது. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு நான் எங்கே போவேன்? யாரைக் கூப்பிடுவேன்? அதனால் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையை வைத்து ஒப்பேற்றினேன். எரியும், போய்விடும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். சரியாகத்தான் சொன்னேனா தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. கையை விடவும் இல்லை.

நம் அம்மாவின் ஷூவைக் கழற்றினாய் அல்லவா? அடுத்த தடவை முதலில் கழற்று, பிறகு எழுது. அதற்கு மேல் எனக்கு அந்த விஷயத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். செய்வாயா? அந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதி எனக்கு அனுப்பு.

நீ அன்றைக்கு மேடையில் வேகமாகப் படித்தாய். எனக்குப் பாதிதான் புரிந்தது. மற்றவர்கள் சிரித்த இடங்களை வைத்துத்தான் மீதியை ஊகித்தேன். ஒரு இடத்தில் ஹாலே குலுங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. ஆனால் நானும் சேர்ந்து சிரித்தேன். புரியவில்லை என்பது பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று.

என்னைப் பற்றி என்ன எழுதினாய் என்று எனக்கும் தெரிய வேண்டாமா? எதையும் விடாதே. நல்லது மாதிரி மாற்றாதே.

அக்கா


மார்ச் 26

அக்கா,

நீயும் சேர்ந்து சிரித்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அடுத்த பக்கத்தை இன்னும் உரக்கப் படித்தேன். 

தமிழில் எழுத உட்கார்ந்தேன். சின்ன வேலை என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே எழுதியதுதானே. முதல் பக்கம் எப்படியோ வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். மாற்றவில்லை. படித்தால் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இரண்டாவது பக்கத்தில்தான் ஹால் குலுங்கிய இடம் வருகிறது. அது இதுதான்: அக்கா போன் பண்ணியதும் முதலில் கேள்வியைக் கேட்க மாட்டாள். ரகசிய வேலை பார்க்கும் ஒற்றர்கள் மாதிரி, யாரும் ஒட்டுக் கேட்கவில்லையே என்று உறுதி பண்ணிக்கொள்வாள். அவளுடைய முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான். கதவைப் பூட்டிட்டியா?

இங்கிலீஷில் அது அவ்வளவு சிரிப்பாக இருந்தது. தமிழில் அதை மாற்ற வேண்டியதே இல்லை, நீ சொல்கிற மாதிரியே எழுதினேன். எழுதியதும் உன் குரல் காதில் கேட்டது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

நீ முதல் முதலாக எனக்குப் போன் பண்ணியது எப்போது என்று யோசித்தேன். எனக்குப் பதினொரு வயசு. எதிர் வீட்டில் திருடன் வந்த வாரம். ஒரு நாள் அம்மா வேலை முடிந்து வந்தபோது நான் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த நாளா, அதற்கு அடுத்த நாளா, போன் அடித்தது. "கதவைப் பூட்டிட்டியா? சரி, எனக்கு ஒரு ஹெல்ப் பண்ணுவியா? இங்க ஒருத்தர் இங்கிலீஷ்ல கேக்கறாங்க, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்னு எப்படிச் சொல்றது?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. டிக்ஷனரியை எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் போனுக்காகக் காத்திருந்தேன். பயப்பட மறந்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் வந்ததே அப்படித்தான்.

அந்தக் கேள்வியை நீ நூறு தடவை கேட்டாய். நூறு தடவை சொன்ன பதில் யாருக்காவது மறக்குமா அக்கா?

நேற்று கண்ணாடி மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் தெரியாது என்றார். நான் நகரவில்லை. பிறகு சொன்னார்: "சில நாள் நிஜமாவே யாராவது லைன்ல இருப்பாங்க. சில நாள் யாருமே இருக்க மாட்டாங்கம்மா. நீ வீட்டுக்கு வர்ற நேரமாச்சுன்னா உங்க அக்கா கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கும். நான் ஒரு தடவை கேட்டேன், யாருமே இல்லாம நீ யாருக்கும்மா பதில் கேக்கறேன்னு. அவளுக்கு ஒரு வேலை கொடுத்துட்டா பயப்பட நேரம் இருக்காது மாமான்னு சொல்லுச்சு."

உனக்கு உதவி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் உன் பாடு திண்டாட்டம் என்று ஒரு ஹால் முழுக்கச் சொன்னேன். அவர்கள் கை தட்டினார்கள், நான் குனிந்து வணக்கம் வேறு சொன்னேன்.

இரண்டாவது பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இன்னும் மூன்று நாளில் டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை. சேர்ந்தால் நீ கொடுத்த இங்கிலீஷை வைத்து உன்னையே அடித்து வாங்கிய இடத்தில் போய் உட்கார வேண்டும். சேராவிட்டால் நீ சொன்ன மாதிரி அதையும் உன் தலையில் கட்டுவேன். நீயே சொல். கேட்காதே என்றாய், கேட்கிறேன். என்னை மன்னித்துவிட்டாயா என்பதையும் கேட்கிறேன்.

வாலு


மார்ச் 28

வாலு,

வேன் அண்ணனை நிற்கச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். இன்றைக்கே உனக்குக் கிடைக்க வேண்டும். அவர் ஹாரன் அடிக்கிறார், அடிக்கட்டும்.

கண்ணாடி மாமாவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அவர் சொன்னது நிஜம், ஆனால் முழுசாக நிஜம் இல்லை. முதல் வருஷம் உனக்காகத்தான். அப்புறம் உனக்குப் பயம் தெளிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிட்டேன். சில நாள் நிஜமாகவே எனக்குப் பதில் தெரியாது, லைனில் ஆள் காத்துக்கொண்டிருப்பார். சில நாள் யாராவது கத்திவிட்டுப் போயிருப்பார்கள், உன் வாயாடித்தனத்தைக் கேட்டால் தேவலை என்று இருக்கும். எந்தப் போன் உனக்கு, எந்தப் போன் எனக்கு என்று இப்போது பிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் என்னைப் பெரிய தியாகி ஆக்கி இன்னொரு கட்டுரை எழுதிவிடாதே. அதற்கு முதல் கட்டுரையே மேல்.

முதல் பக்கம் படித்தேன். கோபம் வந்தது. ஒரு இடத்தில் சிரிப்பும் வந்தது, அந்த ஸ்டாப்ளர் விஷயம். அது நிஜம்தான், போனை எடுப்பதற்குப் பதிலாக ஸ்டாப்ளரை எடுத்துக் காதில் வைத்தேன். நீ நன்றாகத்தான் எழுதுகிறாய், சனியனே. இரண்டாவது பக்கத்தையும் எழுதி அனுப்பு. சிரிப்பு வருகிறதா இல்லையா என்று நான் சொல்கிறேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டாய். இல்லை. ஹால் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. பெஞ்சில் யாராவது சத்தமாகச் சிரித்தால் என்னைப் பார்த்துத்தானோ என்று திரும்பிப் பார்க்கிறேன். போக நாளாகும். எப்போது என்று கேட்டு எனக்கு எழுதிக்கொண்டிருக்காதே, போனால் சொல்கிறேன்.

அதற்காக நீ வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டாம். போய்ச் சேர். டீச்சர் சொன்னபடி அழுதால் அழு. உனக்கு உறுத்துகிறது என்றால் உறுத்தலோடு போய் உட்கார். எல்லாம் சரியான பிறகுதான் உட்காருவேன் என்றால் யாரும் எங்கேயும் உட்கார முடியாது. அம்மாவிடம் நானே சொன்னேன், நான்தான் சேரச் சொன்னேன் என்று. முத்து ஒன்றும் உதிரவில்லை.

வகுப்பு முடிந்து நீ வீட்டுக்கு வர இருட்டிவிடும் என்று அம்மா சொன்னாள். வகுப்பு தொடங்குகிற வாரம் அவளுக்கு இரவு ஷிப்ட். நீ வந்ததும் எனக்குப் போன் பண்ணு. எடுப்பேன். இங்கே ஒருத்தர் இங்கிலீஷில் என்னவோ கேட்கிறார், அதற்கு என்ன சொல்வது என்று உன்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கதவைப் பூட்டிவிட்டுப் பண்ணு.

அக்கா